மேல்பாய்

சன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் தம்பி. எனக்கு அந்த மலையைப் பார்க்க வேண்டாம். பார்த்துப் பார்த்துப் போதும் என்றாகிவிட்டது. கபன்ஜாஹேயில் பஸ் கிளம்பினால் மேடான் போய்ச் சேரும்வரை வளைவுதான். வாந்தி வருகிற ஆளாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் இடம் மாறிக்கொள்கிறேன்.

மதுரையா? மதுரையிலிருந்து எரிமலை பார்க்க சுமத்ராவுக்கு வந்தீர்களா? சரி. லாவ் ரிம்பாவில் இரண்டு நாள் தங்கினீர்களாம், எல்லோரும் அருமையான மனிதர்களாம், அந்த ஊரையும் சுற்றுப்புறத்தையும் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறீர்களாம். காப்பி கொடுத்திருப்பார்கள். ஆரஞ்சு உரித்துக் கொடுத்திருப்பார்கள். நீங்கள் விருந்தாளி. அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், அப்போது தெரியும் அருமை.

நான் கட்டியிருக்கிறேன். அதனால் நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.

ஊர் சின்னது. கரோ மக்கள். ஒரு பக்கம் சிபாயாக் மலை, இன்னொரு பக்கம் சினாபுங், இரண்டும் எரிமலை. மண் கறுப்பு. குச்சியை நட்டால்கூட முளைக்கும். காரட், முட்டைக்கோஸ், மிளகாய், காப்பி, எல்லாவற்றுக்கும் மேலே ஆரஞ்சு. குளிர் பொல்லாதது, பகலிலேயே லுங்கியைத் தோளில் போர்த்திக்கொண்டு திரிவார்கள். இரண்டு தேவாலயம், ஒரு சின்னப் பள்ளிவாசல். காப்பிக் கடையில் ஆண்கள் காலையிலிருந்து சதுரங்கம் ஆடுவார்கள், பெண்கள் வயலில் குனிந்து கிடப்பார்கள். இதையும் எழுதுங்கள். அவ்வளவு சோம்பேறிகள். நானும் அங்கே உட்கார்ந்து ஆடியிருக்கிறேன், ஆனால் நான் லாரிக்குச் சரக்கு ஏறும்வரை காத்திருக்கிறவன். அது வேறு.

ஊர் நடுவில் ஒரு பெரிய கொட்டகை பார்த்திருப்பீர்கள், சுவர் கிடையாது, கூரையும் தூணும்தான். அதன் பெயர் ஜம்பூர். கல்யாணம், சாவு, அறுவடைத் திருவிழா எல்லாம் அதில்தான். காலியாக இருந்தபோது பார்த்திருப்பீர்கள், அழகாக இருக்கிறது என்று படம் எடுத்திருப்பீர்கள். அந்தக் கொட்டகையில்தான் என் மானம் போனது. ஒரு நாள் இல்லை. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து இன்று மத்தியானம் வரைக்கும்.

நான் மேடான்காரன். என் தாத்தா புகையிலைத் தோட்டத்துக்கு வந்தவர், அப்பா மாட்டு வண்டி ஓட்டினார், நான் லாரி. பெயர் குழந்தைவேலு. ஆரஞ்சு ஏற்ற மேலே போவேன். என் பெண்டாட்டி மாலெம் அப்போது அங்கே பழம் தரம் பிரிக்கிறவள். சின்னப் பழத்தைக் கூடைக்கு அடியில் வைத்து என்னை ஏமாற்றப் பார்த்தாள், நான் கண்டுபிடித்தேன், அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. அதை விடுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ஒரு குலம் கொடுத்தார்கள். குலம் இல்லாத மனிதனோடு எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியாது. மாலெமின் அப்பாவுடைய தங்கை புருஷன் செம்பிரிங் குலம், அவர் என்னை மகனாக எடுத்துக்கொண்டார். ஆக, நான் மாலெமுக்கு அத்தை மகன். அவர்களிலும் மாமன் மகள்தான் முறை. மாமனை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர் பெண்டாட்டி மாமி. செம்பிரிங் ஆட்களே பழைய காலத்தில் உங்கள் பக்கமிருந்து கடல் தாண்டி வந்தவர்கள்தான் என்று கிழவர்கள் வேறு சொன்னார்கள். என் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம சனம்தான்டா, நம்ம சனத்திலேயே கட்டிக்கிட்ட என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஒற்றுமை அதோடு முடிந்தது.

நம்மில் மாப்பிள்ளை என்றால் என்ன? நீங்களே சொல்லுங்கள், உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகவில்லையா. பரவாயில்லை, பார்த்திருப்பீர்கள். மாமனார் வீட்டுக்குப் போனால் நாற்காலி துடைத்துப் போடுவார்கள். கால் கழுவத் தண்ணீர் வரும். மச்சான் எழுந்து நிற்பான். குழம்பில் உப்பு இல்லை என்றால் வீடே நடுங்கும். நான் அப்படிப் பார்த்து வளர்ந்தவன். என் அக்கா புருஷன் எங்கள் வீட்டில் ஒரு தம்ளரை நகர்த்தி வைத்தது கிடையாது.

அவர்களிடம் தலைகீழ். பெண் கொடுத்த வீடு மேலே, எடுத்த வீடு கீழே. கொடுத்தவர்களுக்குக் கலிம்புபு என்று பெயர், கண்ணுக்குத் தெரிகிற கடவுள் என்பார்கள். எடுத்தவன் அனாக் பெரு. கடவுள் கொட்டகையின் தலைமாட்டில், மேல்பாயில் உட்கார்ந்து வெற்றிலை போடும். அனாக் பெரு கொட்டகைக்குப் பின்னால் விறகு பிளப்பான், பன்றி அறுப்பான், சோறு வடிப்பான், பரிமாறுவான், பாத்திரம் கழுவுவான். கடவுள் வீட்டில் ஒரு பேச்சுவார்த்தை என்றால் அனாக் பெருதான் எழுந்து நின்று பேச வேண்டும், கடவுள் வாயைத் திறக்காது. எல்லா வேலையும் இவன் தலையில்.

இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து முதல் அறுவடைத் திருவிழாவுக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனேன். ஆமாம், அந்தக் குளிரில் பட்டு வேட்டி. மச்சான் தெர்க்கெலின் வந்தான். மாலெமின் அண்ணன். என்னைக் கட்டிப்பிடித்தான். பிறகு கையில் ஒரு கத்தியைக் கொடுத்தான்.

"சிலி, வெங்காயம் பின்னால இருக்கு."

சிலி என்றால் மச்சான். அவன் என்னையும் நான் அவனையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். பின்னால் போய்ப் பார்த்தால் ஒரு மூட்டை வெங்காயம். அந்த ஊரில் பெண் எடுத்த அத்தனை பேரும் அன்றைக்கு அங்கே குந்தியிருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், மாவட்ட அலுவலகத்தில் பெரிய வேலையில் இருந்த ஒருவர், எல்லோரும். எனக்கு நகர்ந்து இடம் விட்டார்கள். வேட்டியைப் பார்த்து ஒருவன், மணமகன் உடுப்பை இன்னும் கழற்றலையா, பெண்டாட்டி கழற்ற விடலையா என்றான். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி வந்ததும் அம்மா விருந்து எப்படி என்று கேட்டாள். வெங்காய வாடை அடித்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிரமாதம் என்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும். திருவிழா, மாமனார் சாவு, மாமியார் சாவு, தெர்க்கெலின் பிள்ளைகளின் ஞானஸ்நானம், அவன் வீடு கட்டியது. நான் இல்லாமல் எதையும் தொடங்க மாட்டார்கள். தொலைபேசி வந்துவிடும், சிலி எங்கே இருக்கிறாய், பானை ஏற்றவில்லை, உனக்காகக் காத்திருக்கிறோம். எனக்கென்று ஒரு வேலை இல்லையா? பன்றியைப் பங்கு போடக் கற்றேன். எந்தத் துண்டு யாருக்குப் போக வேண்டும் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது, தப்பினால் சண்டை. பங்கு பிரிக்க குழந்தைவேலுதான் வேண்டும் என்று பக்கத்து ஊரிலிருந்துகூடக் கூப்பிட்டார்கள். பாருங்கள், எவ்வளவு கேவலம்.

நான் பன்றி சாப்பிட மாட்டேன். அறுப்பேன், வாயில் வைக்க மாட்டேன். அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? எனக்கென்று ஒரு சின்னப் பானையில் கோழி. பானை தனி, கரண்டி தனி, அதை வேறு எதற்கும் தொட மாட்டார்கள். அது ஒரு ஆணியில் தனியாகத் தொங்கும். சாதி தள்ளிவைத்த மாதிரி. நான் கேட்டேனா? ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்தப் பக்கம் பாருங்கள், கூரையில்லாத வீடுகள். சினாபுங் வெடித்தபோது இதெல்லாம் போனது. எங்கள் அப்பா காலம், தாத்தா காலம் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்த மலை, நான் பெண் எடுத்த பிறகுதான் விழித்துக்கொண்டது. சில ஊர்களையே காலி செய்து வேறு இடத்தில் குடி வைத்தார்கள். லாவ் ரிம்பா தப்பியது, ஆனால் சாம்பல் விழுந்து ஆரஞ்செல்லாம் கருகிவிட்டது. தெர்க்கெலின் குடும்பத்தோடு மேடானுக்கு வந்து என் வீட்டில் தங்கினான். என் வீடு தம்பி. அங்கேயாவது நான் மேலே இருக்க வேண்டாமா? மாலெம் எங்கள் கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். நானும் அவளும் தரையில். அவன் காலையில் எனக்கு முன்னால் எழுந்து என் லாரியைக் கழுவிக்கொண்டிருப்பான். யார் கழுவச் சொன்னது? தெரு பார்த்தால் மச்சானை வேலை வாங்குகிறேன் என்று நினைக்காதா?

அதற்கு அடுத்த வருஷம், இதோ கீழே வரப்போகிறது பாருங்கள் ஒரு கொண்டை ஊசி வளைவு, அதில் லாரி கவிழ்ந்து எனக்கு இடுப்பு உடைந்தது. படுக்கையில் கிடந்தேன். அந்தப் பருவம் முழுவதும் தெர்க்கெலின்தான் லாரி ஓட்டினான். அவன் தோட்டத்தை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை. கடைசியில் லாரியைத் திருப்பிக் கொடுத்தபோது கிளட்ச் தேய்ந்துபோயிருந்தது. மலையில் இறங்கும்போது கிளட்சை மிதித்தபடியே வருகிற ஆள். ஒரு வார்த்தை சொன்னேனா நான்? இல்லை. கலிம்புபு அல்லவா.

ஒன்றே ஒன்றை நினைத்துத்தான் இவ்வளவையும் பொறுத்தேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், யசோதா. அவளுக்குக் கல்யாணம் ஆகும். ஆகிவிட்டால் நான் பெண் கொடுத்தவன். என் மருமகன் கரண்டி எடுப்பான். நான் மேல்பாயில் உட்காருவேன். வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் அதைத்தான் நினைப்பேன். நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

அவள் யாரைப் பிடித்தாள் தெரியுமா? மேடானிலேயே, நம் ஆளையே. திவாகரன் என்று பெயர், பொறியாளர், நல்ல பையன்தான். அவன் அப்பா பொன்னுரங்கம் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். கோயில் கமிட்டியில் இருக்கிறவர், எங்கே போனாலும் முதல் வரிசைதான். முதல் தடவை பெண் பார்க்க வந்தபோதே என் வீட்டில் நல்ல நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். அவர்களுக்கு நான் பெண் வீட்டுக்காரன். புரிகிறதா? மேலே போனால் பெண் எடுத்ததற்காகக் கீழே இருக்க வேண்டும். மேடானில் பெண் கொடுப்பதற்காகக் கீழே இருக்க வேண்டும். பிறகு எங்கேதான் நான் உட்காருவது?

அதனால் சொல்லிவிட்டேன், நிச்சயதார்த்தம் லாவ் ரிம்பாவில் நடக்கும், கரோ முறைப்படி நடக்கும், என் மனைவி வீட்டார் ஆசைப்படுகிறார்கள் என்று. மாலெம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவள் வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, கேட்டிருக்க வேண்டியவர்கள்தானே.

கரோ நிச்சயத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் சாப்பாடு போட வேண்டும். சமையலைப் பெண் வீட்டு ஆட்களே முடித்துவிட்டால்கூட, பரிமாறுவது அவர்கள் கை. அவர்கள் போட்டு நாம் சாப்பிட்ட பிறகுதான் பேச்சே தொடங்கும். சாப்பிடாமல் ஒரு பக்கம் கொட்டகையை விட்டு இறங்கிவிட்டால் அந்தச் சம்பந்தம் செத்தது, மறுபடி அந்த வீட்டில் கேட்க முடியாது. இதைப் பொன்னுரங்கத்திடம் முன்னாலேயே சொன்னீர்களா என்று இன்றைக்குக் காலையிலிருந்து எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். எனக்கு யார் சொன்னது? நான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனபோது யார் சொன்னது?

இன்று பத்து மணிக்கெல்லாம் வேனில் வந்து இறங்கினார்கள். பழத்தட்டு, பூ, சீர்வரிசை எல்லாம் நம் முறைப்படி. பொன்னுரங்கம் பட்டுச் சட்டை. நேராக மேல்பாய்க்கு நடந்தார். ஊர்ப் பெரியவர் ஒருவர் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி வாசல் பக்கத்துப் பாயில் உட்கார வைத்தார். மேல்பாயில் நானும் தெர்க்கெலினும் பக்கத்தில் பக்கத்தில். தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். எத்தனை வருஷமாக அந்தத் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். முன்னாலிருந்து பார்த்தால் கொட்டகை வேறு மாதிரி இருக்கிறது தம்பி. எல்லோர் முகமும் தெரிகிறது.

பிறகு பெண் வீட்டு ஆட்கள் சோற்றுத் தவலையைக் கொண்டுபோய்ப் பொன்னுரங்கத்தின் முன்னால் வைத்துக் கரண்டியை நீட்டினார்கள். அவர் கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தக் கொட்டகையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள்தான். அங்கிருந்தே கேட்டார்.

"என்ன சம்பந்தி, மாப்பிள்ளை வீட்டுக்காரன் கையில கரண்டியக் குடுக்கிறாங்க?"

"இது இவங்க முறைங்க."

"உங்க முறை என்ன?"

"நான் இங்க செம்பிரிங்."

"அப்படியா. போன வாரம் கோயில்ல பார்த்தப்ப குழந்தைவேலுவாத்தானே இருந்தீங்க."

அவர் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. பொன்னுரங்கம் ஒரு கையை ஊன்றி எழுந்திருக்க ஆரம்பித்தார், செருப்பு எங்கே என்று வாசலைப் பார்த்தார். யசோதா பெண்கள் பக்கத்தில் இருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுந்துவிடுவேன் என்றுதான் பார்க்கவில்லை.

மாலெம் பின்னாலிருந்து வந்து என் காதருகே குனிந்தாள். அவள் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. "ஒரு கரண்டி நீங்க எடுத்துப் போட்டா முடிஞ்சிடும். நம்ம பொண்ணாச்சே" என்றாள்.

இன்றைக்கு மட்டும் முடியாது என்றேன். எத்தனை நாள் எடுத்தேன், இன்றைக்கு மட்டும் முடியாது. அவள் நிமிர்ந்து போய்விட்டாள்.

அப்போதுதான் தெர்க்கெலின் எழுந்தான்.

அவனுக்கு முழங்கால் வலி, தூணைப் பிடித்துத்தான் எழுந்தான். நேராக நடந்துபோய்த் தவலையையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டான். கொட்டகையில் ஒரு சத்தம் எழுந்தது, பெண்கள் பக்கம் யாரோ அழுதார்கள். பெண் கொடுத்தவன் கரண்டி எடுப்பதை அந்த ஊரில் பிறந்த யாரும் பார்த்ததில்லை. பரிமாறுவது மேல்பாயில்தானே தொடங்க வேண்டும்? தவலையோடு என் முன்னால் வந்து நின்றான். வயசானவன், மூச்சு வாங்கியது.

"நீ உட்காரு சிலி. இத்தனை வருஷம் நின்னது போதும்" என்றான்.

இப்போது எல்லோரும் சொல்கிறார்கள், நான் அந்த இடத்தில் துள்ளி எழுந்து கரண்டியைப் பிடுங்கியிருக்க வேண்டுமாம். கடவுளே இறங்கி வந்து நின்றால் எவனாவது தட்டை நீட்டுவானா என்கிறார்கள். நான் நீட்டினேன். ஏன் நீட்டக் கூடாது? போதும் என்று அவன்தானே சொன்னான்? அவன் சோற்றைப் போட்டான். அவனுக்குப் பரிமாறத் தெரியாது, வாழ்க்கையில் செய்ததில்லை, மேலே மேலே போட்டுக் குவித்துவிட்டான். யாரோ என் சின்னப் பானையை நீட்ட, அந்தக் கோழிக் குழம்பையும் அதன் தலையிலேயே ஊற்றினான். நான் சாப்பிட ஆரம்பித்தேன். கொட்டகை முழுக்க நான் மெல்லுகிற சத்தம் மட்டும்தான். சோறு ஆறிப்போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து திவாகரன் எழுந்தான். அவன் அப்பா, உட்காருடா என்றார். "சோறு ஆறுதுப்பா" என்றான் அவன். அவ்வளவுதான். வந்து தெர்க்கெலின் கையிலிருந்து தவலையை வாங்கிக்கொண்டு, அவனைக் கைத்தாங்கலாகப் பாயில் உட்கார வைத்தான். பொன்னுரங்கம் பாதி எழுந்தபடி நின்றவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். கொட்டகையே மூச்சு விட்டது. பெண்கள் கிண்டல் பண்ண ஆரம்பித்தார்கள், புது அனாக் பெரு சோற்றைப் பரிமாறுகிறானா வயலில் விதைக்கிறானா என்று. அவன் காது வரை சிவந்துகொண்டு, சிந்திச் சிந்திப் போட்டுக்கொண்டு வந்தான். தெர்க்கெலினுக்குப் போட்டான். தெர்க்கெலின் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து வாங்கிக்கொண்டான்.

கல்யாணம் உறுதியாகிவிட்டது, அதற்கு ஒன்றும் குறைவில்லை. இப்போது அங்கே ஆடிக்கொண்டிருப்பார்கள். பொன்னுரங்கமும் தெர்க்கெலினும் கைகோத்துக்கொண்டு ஆடுகிறார்களாம், ஒரு வார்த்தை பாஷை தெரியாமல். மாலெம் தொலைபேசியில் சொன்னாள். நாளைக்குச் சரக்கு ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் வந்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை.

அந்தப் பந்தியில் தெர்க்கெலினுக்கு அடுத்தது நான். பையன் என் முன்னால் வந்து மண்டி போட்டான். நல்ல முறையாக, பரிமாறுகிறவன் எப்படிப் போட வேண்டுமோ அப்படி, யாரோ அதற்குள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கரண்டி நிறைய அள்ளிக்கொண்டு, "மாமா?" என்றான். என் தட்டைப் பார்த்தான். நானும் பார்த்தேன். குவிந்து கிடந்தது, பக்கத்தில் ஒரு பருக்கை வைக்க இடமில்லை. போதும் என்றேன். வேறு என்ன சொல்ல? கரண்டியிலிருந்ததை அடுத்த ஆளுக்குப் போட்டுவிட்டு நகர்ந்து போனான்.

அரை நிமிஷம் தம்பி. பொறியியல் படித்த பையன். அரை நிமிஷம் முன்னால் எழுந்திருக்கக் கூடாதா அவன்?